முதலாம் ஆண்டின் பாதி

பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே பல்கலைக்கழகப் படிப்பில் ஒரு பகுதியை முடித்துவிடலாம் என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்களுடைய இரசாயனவியல் ஆசிரியை. அப்போது நாங்கள் லண்டனில், கிங்ஸ்பரியில் இருந்தோம். நான் பள்ளிப்படிப்பின் கடைசி இரண்டு வருடமான ஏ லெவலில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பாடம் முடிந்து எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய பிறகு என்னை மட்டும் நிற்கச் சொன்னார். வீட்டிலிருந்தபடியே படிக்கிறவர்களுக்கான ஒரு பல்கலைக்கழகம் பாடசாலை மாணவர்களிலும் சிலரைச் சேர்த்துக்கொள்கிறது. அடுத்த வருடம் ஏ லெவலோடு சேர்த்து அங்கே ஒரு விஞ்ஞானப் பாடநெறியைப் படிக்கலாம். சித்தியடைந்தால் ஒரு பட்டத்தின் முதலாம் ஆண்டில் பாதிக்குரிய கிரெடிட் உன் கையில் இருக்கும் என்றார். செலவைப் பள்ளிக்கூடமே பார்த்துக்கொள்ளுமாம்.

"வீட்டில் கேட்டுவிட்டு வா" என்றார்.

வீடு என்றால் எனக்கு அம்மாதான். அப்பா பஸ் ஓட்டினார். விடிய முதல் போய், மத்தியானம் வந்து படுத்து, நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது கண் வீங்க எழும்பி தேத்தண்ணி குடிப்பார். என்னோடு கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதிகம் பேசியதும் இல்லை. அண்ணா இரண்டு வருடத்துக்கு முன்பே பர்மிங்காமுக்குப் படிக்கப் போய்விட்டார். மிச்சமிருந்த நானும் அம்மாவும் அந்த இரண்டு அறை வீட்டில் எந்த நேரமும் கதைத்துக்கொண்டிருப்போம். அம்மா ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலை செய்தார். அங்கே நடந்தது, யார் யாரோடு கோபம், எந்தப் பிள்ளை மரக்கறியை மேசைக்குக் கீழே போட்டது எல்லாம் எனக்கு வந்து சேரும். ஜிபி டாக்டருக்கு நான்தான் போன் எடுப்பேன். கவுன்சிலோடு நான்தான் பேசுவேன். மருந்துக் கடையில் கூட அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பார். "நீ சொல்லு, எனக்கு உவையின்ர இங்கிலீஷ் பிடிபடாது" என்பார். எனக்கு அதில் பெருமை இருந்தது.

என் ஆசை அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் எங்களைத் தெற்குக் கடற்கரைக்கு ஒருநாள் கூட்டிப்போனார்கள். கடல் அரித்த மலைச்சுவரில் பாறை வரிவரியாகப் படிந்திருந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு காலம் என்று அங்கே நின்ற ஒருவர் சொன்னார். மற்றப் பிள்ளைகள் சிப்ஸ் வாங்கப் போனார்கள். நான் மழைக்குள் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து புவிச்சரிதவியல்தான் படிப்பது, அதையும் மலைகளுக்குப் பக்கத்தில் போய்ப் படிப்பது என்று முடிவெடுத்திருந்தேன். அப்படிப் படிப்பதற்கு நல்ல இடம் வடக்கே ஒரு நகரத்தில் இருந்தது. லண்டனிலிருந்து பஸ்ஸில் போனால் முக்கால் பகல் போய்விடும்.

அன்று பின்னேரம் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். ஆசிரியை சொன்னதைச் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப உதைப் பாஸ் பண்ணினா யூனிவர்சிட்டிப் படிப்பில பாதி வருசம் முடிஞ்ச மாதிரியோ?"

"ஓம் அம்மா."

"நல்லது. படி." கொஞ்சம் யோசித்தார். "இஞ்ச பார் பிள்ளை. பொம்பிளைப் பிள்ளையைத் தனிய வெளியூருக்கு விட அப்பா லேசில ஓமெண்ண மாட்டார். நீ உதைப் படிச்சுக் காட்டு. யூனிவர்சிட்டிப் படிப்பையே ஸ்கூலுக்க இருந்து செய்தவள், தனியப் போய் இருக்க மாட்டாளோ எண்டு நான் அவரோட கதைக்கிறன். ஆனா நீ அவரோட உதைப்பற்றி வாயே திறக்கக்கூடாது. நீ கேட்டு அவர் ஏலாது எண்டா, பிறகு எனக்கும் ஒண்டும் செய்யேலாது. விளங்குதோ?"

"கட்டாயம் கதைப்பியளோ?"

"ஓமடி. நான் ஏன் உனக்குப் பொய் சொல்லுறன்?"

அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். கையெல்லாம் வெங்காயம் என்று தள்ளிவிட்டுச் சிரித்தார்.

அடுத்த வருடம் முழுக்க நான் இரண்டு பேருடைய படிப்பைப் படித்தேன். மூன்று ஏ லெவல் பாடங்கள், அதற்கு மேல் இது. புத்தகங்களோடு தபாலில் ஒரு பெட்டியும் வந்தது. உள்ளே கையளவு கற்களும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தன. ஒவ்வொரு கல்லையும் பார்த்து, கீறி, எழுதி அனுப்பவேண்டும். என்னைத் திருத்திய ஆசிரியரை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. அவருக்கு என் வயது தெரியுமோ தெரியாது. "இந்த வாதத்தை இன்னும் ஒரு படி கொண்டுபோயிருக்கலாம்" என்று ஒரு பெரிய ஆளுக்கு எழுதுவதுபோல எழுதுவார். அதை வாசிக்கும்போது எனக்கு முதுகு நிமிரும். சனிக்கிழமைகளில் தோழிகள் வெம்பிளிக்குப் படம் பார்க்கப் போனபோது நான் படுக்கையறை மேசையில் இருந்தேன். அம்மா சத்தம் போடாமல் வந்து தேத்தண்ணியை வைத்துவிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போவார்.

ஒருநாள் அப்பா எட்டிப் பார்த்தார். கற்களில் ஒன்றை எடுத்துக் கையில் வைத்து உருட்டினார்.

"உது சுண்ணாம்புக்கல்லுத்தானே?"

"ஓம் அப்பா. எப்பிடித் தெரியும்?"

"தெரியாமல் பின்னை? ஊரில எங்கட வளவில எங்க கிண்டினாலும் உதுதான்." சிரித்துக்கொண்டு கல்லை வைத்தார். "என்ன, உதையே படிக்கப் போறாய்?"

வாய்வரை வந்தது. வடக்கே போகவேண்டும் அப்பா, நீங்கள் விடுவீர்களா என்று அப்போதே கேட்டிருப்பேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. "பாப்பம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

நான் விண்ணப்பித்திருந்த வடக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். மார்ச்சில் ஒருநாள் வந்து பார்க்கும்படி அழைப்பும் வந்தது. அப்பாவிடம் பள்ளிக்கூடத்தால் எங்கோ கூட்டிப்போகிறார்கள் என்று அம்மா சொல்லிவிட்டு, எனக்கு முட்டை சான்ட்விச் கட்டித் தந்து விடிய முதல் ரயிலுக்கு அனுப்பினார். அங்கே புவிச்சரிதவியல் துறையின் சன்னல்களிலிருந்து மலை தெரிந்தது. மாணவர்களைச் சேர்க்கும் பொறுப்பிலிருந்த பேராசிரியரிடம் என் பாடநெறியைப்பற்றி ஆசையோடு சொன்னேன். அந்தக் கிரெடிட்டைக் கொண்டுவந்தால் முதலாம் ஆண்டில் பாதி கழியுமா என்று கேட்டேன். அவர் அன்பானவர். நீ எவ்வளவு அக்கறையுள்ளவள் என்று அது காட்டுகிறது, ஆனால் எங்களிடம் எல்லோரும் முதலிலிருந்தே தொடங்குவார்கள் என்றார். அந்தக் கிரெடிட் அங்கே கணக்கில் வராதாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்ப நீ படிச்சதெல்லாம் வீணோ?"

"வீணெண்டில்லை. அங்க கணக்கெடுக்க மாட்டினமாம்."

"இந்த வீட்டில இருந்து படிக்கிற யூனிவர்சிட்டியிலேயே தொடர்ந்து படிச்சா?"

"அங்கயெண்டா வரும். அவையின்ர கிரெடிட்தானே."

அம்மா தலையை ஆட்டினார். என் தோளில் கை வைத்தார். எனக்காகக் கவலைப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அப்பாவோடு கதைத்தீர்களா என்று கேட்டேன். "கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறன். கொஞ்சம் கொஞ்சமா இளகி வாறார். நீ பொறு" என்றார். வடக்கே போவதாக நான் இணையத்தில் உறுதிசெய்தபோதும் அம்மா பக்கத்தில்தான் இருந்தார்.

பாடநெறியில் மிக நல்ல புள்ளிகளோடு சித்தியடைந்தேன். ஜூலையில் பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு சின்ன ஒன்றுகூடல் வைத்தார்கள். பாடநெறியை முடித்தவர்கள் நாலைந்து பேர்தான். பழச்சாறும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு ஷிப்ட். அம்மா நல்ல சேலை கட்டி, மேலே குளிர் அங்கி போட்டுக்கொண்டு வந்தார். பெற்றோர் சந்திப்புகளுக்கு எப்போதும் அப்பாதான் வருவார், இங்கிலீஷ் பேசவேண்டும் என்பதால். அம்மா என் பள்ளிக்கூடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரசாயனவியல் ஆசிரியை எங்களைக் கண்டதும் கையை நீட்டிக்கொண்டு வந்தார். நேரே அம்மாவிடம், "உங்களைத் திரும்பவும் சந்திப்பதில் மகிழ்ச்சி" என்றார்.

வழக்கம்போல நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். "அம்மா, மிஸ் சொல்லுறா, உங்களைத் திரும்பக் கண்டது..." அந்த இடத்தில் நின்றேன். திரும்பவா?

ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "கடைசியில் என்ன முடிவு? நவம்பரில் உன் அம்மா வந்து, மீதிப் பட்டத்தையும் நீ வீட்டிலிருந்தே முடிக்க என்ன செய்யவேண்டும் என்று விசாரித்தபோது, உனக்கும் அதுதான் விருப்பம் என்று நினைத்தேன். நீ வடக்கே போவதை உறுதிசெய்தது தெரிந்ததும் கொஞ்சம் குழம்பிப்போனேன்." பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "எவ்வளவு தெளிவாகப் பேசினார் தெரியுமா? கேட்க வந்த அத்தனை கேள்விகளையும் யோசித்துக்கொண்டு வந்திருந்தார்."

நான் அம்மாவைப் பார்த்தேன். மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. கையிலிருந்த பழச்சாற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மருந்துக் கடையில் இருமல் மருந்து கேட்கமாட்டாத அம்மா, வேலை முடிந்து பஸ் ஏறி, என் பள்ளிக்கூட வாசலில் பெயர் சொல்லி உள்ளே வந்து, எனக்குத் தெரியாமல் என் ஆசிரியையோடு தனியாக இங்கிலீஷில் பேசியிருக்கிறார். 

பஸ் தரிப்பில்தான் கேட்டேன்.

"எப்ப வந்தனீங்கள்?"

"எங்க?"

"அம்மா."

"ஒருநாள். வேலை முடிஞ்சு வரேக்க. சும்மா கேப்பம் எண்டு."

"அப்பாவோட கதைக்கிறன் எண்டு சொன்னியளே?"

"றோட்டில நிண்டு கத்தாத."

"நான் கத்தேல்லை. கதைச்சியளோ இல்லையோ?"

அம்மா பஸ் வருகிற பக்கம் பார்த்தார். "மலையும் கல்லும் உனக்கு என்னத்துக்கு? பாதி வருசம் முடிச்சாச்சு. மிச்சத்தையும் உன்ர அறையில இருந்தே முடிக்கலாம். மிஸ்ஸே ஏலும் எண்டவ. அங்க போனா உன்ர பாதியும் வீணாப் போகுது. நீயே சொன்னனி."

"அப்ப ஏன் என்னைப் படிக்கச் சொன்னனீங்கள்?"

"வீட்டில இருந்தும் படிக்கலாம் எண்டு படிக்கேக்க உனக்கே விளங்கும் எண்டு நினைச்சன்." குரல் உடைந்தது. "கொண்ணன் போயிட்டான். கொப்பர் வேலைக்குப் போறார், வாறார், படுக்கிறார். நீயும் போனா நான் அந்த வீட்டில ஆரோட கதைக்கிறது? சுவரோடயோ?"

பஸ் வந்தது. அம்மா கீழே இருந்தார். நான் மேல்தட்டுக்கு ஏறிப்போனேன்.

அம்மா தனியாகிவிடுவார் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அதை அந்த வெங்காயம் அரிந்த பின்னேரமே என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேனோ, அழுது சண்டை பிடித்துவிட்டுப் போயிருப்பேனோ தெரியாது. எதுவானாலும் அது என் முடிவாக இருந்திருக்கும். அதைவிட்டு, நான் வெளியே போக வெட்டிய வழியை, நான் வெட்டிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் தேத்தண்ணியோடு நின்று வீட்டுப் பக்கம் திருப்பியிருக்கிறார். அந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் என் தலையைத் தடவிய கையை நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வேலையால் வந்து சப்பாத்து கழற்றிக்கொண்டிருந்தார். அங்கியைக் கூடக் கழற்றாமல் முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, நான் வடக்கில போய்ப் படிக்கிறதுக்கு நீங்கள் மறிக்கிறீங்களோ?"

"வடக்கிலயோ? எங்க?"

இடத்தைச் சொன்னேன். அவர் ஒரு சப்பாத்தோடு என்னைப் பார்த்தார்.

"நீ போக விருப்பமில்லை எண்டெல்லோ கொம்மா சொன்னவ? தனியப் போய் இருக்கப் பயமாம், வீட்டில இருந்துதான் படிக்கப் போறாளாம் எண்டு."

"அவ உங்களிட்டக் கேக்கவே இல்லையோ?"

"என்னட்டயோ? என்னட்ட என்னத்தைக் கேக்கிறது? கொண்ணனை நான் மறிச்சனானே?" குரலில் கோபமில்லை. குழப்பம்தான் இருந்தது. "நானும் நினைச்சன், உந்தளவு படிக்கிற பிள்ளைக்கு என்ன பயம் எண்டு. கேட்டா உனக்கு வெக்கமா இருக்குமெண்டு கேக்கேல்லை. போக விருப்பமெண்டாப் போ பிள்ளை."

குசினியில் அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். அது நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஒரு வருடமாக நான் அப்பாவுக்குப் பயந்து வாழ்ந்தேன். அவர் கல்லை எடுத்து உருட்டிய அன்று, ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு அப்பாவைக் காட்டி, அப்பாவுக்கு என்னைக் காட்டி, இரண்டு பேரையும் பேசவிடாமல் அம்மா நடுவில் நின்றார். அண்ணாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அம்மா பாவம், விடு" என்றார். போய்விட்டவர்களுக்கு அது லேசு.

ஓகஸ்ட்டில் தேவையான பெறுபேறு வந்தது. செப்டெம்பரில் அப்பா லீவு போட்டு என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அம்மாவுக்குத் தலையிடி, வரவில்லை. மிளகாய்த்தூளும் கத்தரிக்காய்ப் பொரியலும் பருத்தித்துறை வடையும் பொதி செய்து வைத்திருந்தார். வாசலில் நின்று "போட்டு வாறன்" என்றேன். "ஓம்" என்றார். அழப் போகிறார் என்று தெரிந்தது. எனக்கு இரங்க மனம் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வீட்டைவிட்டுப் போகிற பிள்ளைக்கு இருக்கவேண்டிய சந்தோஷமும் வரவில்லை. அதையும் அம்மா எடுத்துக்கொண்டுவிட்டார் என்று காருக்குள் நினைத்தேன்.

முதலாம் ஆண்டின் தொடக்கத்தில் எனக்குத் தெரிந்ததையே திரும்பப் படித்தேன். மற்றவர்கள் பூதக்கண்ணாடியை எந்தக் கண்ணில் வைப்பது என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் கல்லைத் தொட்டவுடனே பெயர் சொன்னேன். கெட்டிக்காரி என்றார்கள். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருக்கவில்லை. ஒரு வருட உழைப்பு எங்கே பயன்பட்டது என்று யோசித்தால், பயன்படக்கூடிய ஒரே இடம் என் படுக்கையறை மட்டும்தான். அம்மா அதை எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுப்பார். சமையலறைக் கதையெல்லாம் சொல்வார். நான் "ஓம்", "சாப்பிட்டன்", "குளிர்தான்" என்று பதில் சொல்வேன். காய்ச்சலில் ஒரு கிழமை கிடந்ததைச் சொல்லவில்லை. முதன்முறை மலையில் கூடாரம் அடித்துத் தங்கியதைச் சொல்லவில்லை. எதையும் சொல்லாமல் விடுவதுதான் நான் கொடுத்த தண்டனை. அது அவருக்கும் தெரியும். ஒருநாள் அப்பா சொன்னார், "இப்ப கொம்மா ஜிபிக்கெல்லாம் தானே போன் எடுக்கிறா, நல்லாக் கதைக்கிறா." அப்பா அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு நான் தேவைப்பட்டது கூடப் பொய்தானோ என்று எனக்கு அன்றிரவு முழுக்க யோசனை.

இப்போது நான் லண்டனுக்கே திரும்பிவிட்டேன். கட்டடம் கட்டப்போகிற நிலங்களைத் துளைத்து, கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. கிங்ஸ்பரி வீட்டுக்கு இருக்கப் போகவில்லை. லண்டனின் இன்னொரு மூலையில், எட்மண்டனில், வேறு இரண்டு பெண்களோடு ஒரு வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அப்பாவைப் பார்க்கப் போவேன்.

அண்மையில் ஒரு ஞாயிறு, அம்மாவோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் மகளோடு வந்திருந்தார். மகளுக்கும் அவளுடைய பள்ளிக்கூடத்தில் அதேபோல ஒரு பாடநெறி படிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். என்னிடம் விசாரிக்க அம்மாதான் வரச் சொல்லியிருந்தார். நான் வாய் திறக்க முன்பே அம்மா தொடங்கினார்.

"இவவும் அப்பிடித்தான், ஸ்கூலுக்க இருந்தே யூனிவர்சிட்டிப் படிப்பு படிச்சவ. பிறகு வெளியூருக்குப் போகவேணும் எண்டு நிண்டா. இவவின்ர அப்பா ஓமெண்ணவே இல்லை. நான்தான் நிண்டு சண்டை பிடிச்சு அனுப்பினனான்."

அப்பா ரோல்ஸ் தட்டோடு நடு அறையில் நின்றார். ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். பிறகு வந்தவர்களிடம் தட்டை நீட்டி, "எடுங்கோ, ஆறப்போகுது" என்றார்.

குசினிக்குள் அவருக்குப் பின்னால் போனேன். "ஏனப்பா ஒண்டும் சொல்லேல்லை?"

"வந்த ஆக்களுக்கு முன்னால என்னத்தைச் சொல்லுறது? அவ அதைத்தான் இப்ப நம்புறா." கேத்திலில் தண்ணீர் நிரப்பினார். "நீ போனனிதானே. அது காணும்."

அவருக்குக் காணும். எனக்குக் காணாது. அம்மா ஒருநாள் மன்னிப்புக் கேட்பார் என்று உள்ளுக்குள் காத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தான் செய்ததை இப்படி மாற்றி வைத்திருக்கிறவர் எதற்காக மன்னிப்புக் கேட்கப்போகிறார்?

அவர்கள் புறப்படும்போது அந்தப் பெண் வாசலில் சப்பாத்துப் போட்டபடி இங்கிலீஷில் கேட்டாள், "அக்கா, அது பிரயோசனமான வேலையா?"

"படிப்பு நல்லது, படி" என்றேன். "ஆனா எந்த யூனிக்குப் போக ஆசையோ, அந்தக் கிரெடிட்டை அவை எடுப்பினமோ எண்டு முதலே நீயே கேள். வீட்டிலயும் அப்பிடித்தான். ஆரிட்டக் கேக்கவேணுமோ அவரிட்ட நேரா நீயே கேள். உனக்காக வேற ஆரையும் கேக்க விடாத."

அவள் தலையாட்டினாள். அவ்வளவும் விளங்கியிருக்காது.

அவர்கள் போனபிறகு அம்மா மேசையைத் துடைத்தார். "என்ன சொன்னனி அந்தப் பிள்ளைக்கு?"

"அப்பாவோட நேரா கதைக்கச் சொன்னனான்."

துணி ஒரு கணம் நின்றது. பிறகு அம்மா துடைத்துக்கொண்டே, "ரோல்ஸ் மிச்சம் கிடக்கு, கொண்டு போ" என்றார். வேண்டாம் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அங்கியை எடுத்துக்கொண்டேன்.